தாஸ் வேனின் இரண்டு விரிசல்கள்

அன்று பட்டறையில் யார் யார் இருந்தார்கள் என்று முதலில் சொல்லிவிடுகிறேன்.

பாய். பட்டறை முதலாளி. எந்தக் காரிலிருந்தோ கழற்றிய பின்சீட்டு ஒன்று வாசலில் கிடக்கும். அதில்தான் உட்காருவார்.

ராஜண்ணா. பெயிண்டர், கன்னடக்காரர். நெளிந்த கதவைப் புதுக் கதவாக்கிவிடுவார். பேச்சும் அப்படித்தான், வழவழவென்று இருக்கும். யாரையும் குரு என்றுதான் கூப்பிடுவார்.

தாஸ். பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவன். மர்பி டவுனில் எங்கள் பட்டறைக்கு இரண்டு தெரு தள்ளி வீடு.

தாஸின் மனைவி. பொம்மனஹள்ளியில் மோட்டார் செய்யும் ஃபேக்டரியில் வேலை. அன்று லீவு. புருஷனுக்குச் சாப்பாடு கொடுக்க வந்தவர். அவர் பேர் எனக்கு இன்றுவரை தெரியாது. நான் தங்கச்சி என்றேன், அவர் அண்ணா என்றார். அதிலேயே வேலை நடந்துவிட்டது.

கடைசியில் நான். செல்வம். வெல்டர்.

ஐந்து பேர், ஒரு வேன்.

பட்டறையில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்கு, மூன்று தம்பிகளுக்கும் ஒரு தங்கச்சிக்கும், இதை எழுதுகிறேன். போன வாரம் டீ குடிக்க வந்தபோது நீங்கள் சண்டை போட்டுக்கொண்டிருந்தீர்கள். பசையா, வெல்டா என்று. ஒருவர் ஃபோனில் வீடியோ காட்டினார். இரும்பை இரும்போடு பசை போட்டு ஒட்டி அதில் லாரியைக் கட்டித் தூக்குகிறார்கள். இன்னொருவர், நெருப்பு படாத வேலை வேலையே இல்லை என்றார். நான் டீயைக் குடித்துவிட்டுப் போய்விட்டேன். வாயால் சொன்னால் சண்டையில் ஐந்தாவது ஆளாகிவிடுவேன். அதனால்தான் எழுதுகிறேன்.

அந்த இரண்டாவது ஆள் மாதிரிதான் நான் இருந்தேன். முப்பத்தாறு வருஷம்.

பசை என்றாலே எனக்குச் சிரிப்பு வரும். காரணம் உண்டு. முன்பு எங்களோடு வேலை செய்த ஒருத்தர் சைலன்சர் ஓட்டைக்குப் பசை பூசி அனுப்பினார். அது சூடு தாங்காத பசை. அல்சூர் தாண்டுவதற்குள் கருகி உதிர்ந்தது. முன்னால் ஒரு கல்யாண ஊர்வலம். பேண்டுக்காரர்கள் வாசிப்பதை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார்களாம், இது யாருடைய பேண்டு என்று. அன்றிலிருந்து பசை என்றால் எனக்கு அந்தச் சைலன்சர்தான்.

எங்கள் பட்டறையில் ஒரு வழக்கம் உண்டு. உங்களுக்கும் சொல்லியிருப்பார்கள். கை வைத்தவன் ஏற வேண்டும். அதாவது, வண்டியில் எவன் வேலை செய்தானோ அவன் முதல் ஓட்டத்தில் உள்ளே உட்கார வேண்டும். பாயின் அப்பா வைத்த வழக்கம். பிரேக் பார்த்தவன் ஏறுவான், ஸ்டீயரிங் பார்த்தவன் ஏறுவான், நான் ஏறுவேன். ராஜண்ணா மட்டும் ஏறமாட்டார். பெயிண்ட் உரிந்து யாரும் செத்ததில்லை என்பார்.

இந்த வழக்கத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வரும்.

அது வெள்ளிக்கிழமை. காலை பத்து மணி இருக்கும். தாஸ் வேனைக் கொண்டுவந்து நிறுத்தினான். அவன் வந்த வழி முழுக்க ரோட்டில் எண்ணெய்க் கோடு.

"அட்ரஸ் கேக்கவே வேணாம்" என்றார் ராஜண்ணா. "கோட்டைப் பிடிச்சே வந்துடலாம்."

தாஸ் சிரிக்கவில்லை.

"நேத்துவரைக்கும் வர்ற வழியில ஸ்பீடு பிரேக்கர் ஹம்ப் இல்லண்ணா. ராத்திரியோட ராத்திரியா போட்டுட்டாங்க. வெள்ளைக் கோடு கூட இல்ல. டமால்னு ஏறி எறங்கிச்சு."

வேனைத் தூக்கிப் பார்த்தேன். ஆயில் சம்ப் விரிசல் விட்டிருந்தது. இன்ஜினுக்கு அடியில் எண்ணெயைத் தாங்கிக்கொண்டு நிற்கும் தொட்டி அது. அந்த வேனில் அது அலுமினிய வார்ப்பு. விரிசல் சுண்டுவிரல் நீளம்.

"எப்போ வேணும்?" என்றேன்.

"நாளைக்குக் காலையில எஃப்.சி.ண்ணா."

வண்டி ரோட்டில் ஓடலாம் என்று ஆர்.டி.ஓ. ஆபீஸில் பார்த்துத் தரும் சான்று எஃப்.சி. எண்ணெய் சொட்டினால் கிடைக்காது.

"தேதி மாத்திக்கோயேன்."

"திங்கக்கிழமை ஸ்கூல் தெறக்குதுண்ணா. புது எஃப்.சி. பேப்பரோட கேட்ல நிக்கணும். இல்லைன்னா ரூட்டு வேற வண்டிக்குப் போயிடும். ஆள் ரெடியா நிக்கிறான்." கொஞ்சம் நிறுத்தினான். "பதினாலு பிள்ளைங்கண்ணா. எல்.கே.ஜி.லேர்ந்து ஏத்திக்கினு போறேன். எது எந்த ஸ்டாப்ல தூங்கும்னு எனக்குத் தெரியும்."

புது சம்ப் வரப் பத்து நாள் ஆகும் என்றார்கள். சிவாஜிநகர் குஜிரியில் பழைய வண்டிச் சாமான் கிடைக்கும். ஆனால் வெள்ளிக்கிழமை, பாதிக் கடை மூடியிருக்கும். திறந்திருந்த கடைகளுக்கெல்லாம் ராஜண்ணா ஃபோன் போட்டார். இல்லை, இல்லை, இல்லை.

பாய் சீட்டிலிருந்து எழுந்து என்னிடம் வந்தார்.

"உஸ்தாத், ஆர்கான் வெல்டு போடுற ஆளைக் கூப்பிடட்டா? கலாசிபாளையத்துல இருக்கான்."

அலுமினியத்துக்கு அதுதான் சரி. எனக்குத் தெரியும். ஆனால் தாஸ் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தான். ராஜண்ணாவும் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எதுக்கு? நானே பண்றேன்" என்றேன்.

சம்பைக் கழற்றினேன். மேலோடு துடைத்தேன். கேஸைப் பற்றவைத்தேன்.

தாஸின் மனைவி டப்பாவோடு ஓரமாக நின்றிருந்தார். "அண்ணா, எண்ணெய் உள்ள ஊறியிருக்குமே. அப்படியே சூடு வெக்கிறீங்களே" என்றார்.

"தங்கச்சி, தள்ளி நில்லுங்க. கண்ணு போயிடும்" என்றேன்.

கண்ணுக்காக மட்டும் அதைச் சொல்லவில்லை.

வார்ப்புக்குள் இருந்த எண்ணெய் கொதித்து வெளியே வந்தது. உருக்கி ஒட்டும் ராடு பிடிக்கவில்லை. உருண்டை உருண்டையாக விழுந்தது. நான் விடவில்லை. இன்னும் கொஞ்சம் சூடு வைத்தேன். அப்போது டிக் என்று ஒரு சத்தம் கேட்டது. சின்னச் சத்தம்தான். வெல்டு செய்கிறவர்களுக்கு அது தெரியும்.

சுண்டுவிரல் நீள விரிசல் ஒரு சாண் ஆகிவிட்டது.

நெருப்பை அணைத்தேன். தாஸ் என்னைத் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவன் போய்ப் பாயின் சீட்டில் உட்கார்ந்துகொண்டான். அவ்வளவுதான்.

கை தவறியது பற்றி எனக்கு வருத்தமில்லை. யாருக்கும் தவறும். பாய் கேட்டபோது, கூப்பிடுங்கள் என்று சொல்லியிருக்க வேண்டும். நானே பண்றேன் என்றேன். அந்த இரண்டு சொல்லில்தான் சம்ப் உடைந்தது.

பாய் ஆர்கான் ஆளுக்கு ஃபோன் போட்டார். இந்த நிலைமையில் சம்பைத் தொடமாட்டேன் என்று அவன் சொல்லிவிட்டான்.

அப்போது தாஸின் மனைவி டப்பாவைக் கீழே வைத்தார்.

"ஆறட்டும் அண்ணா. நான் ஒட்டிப் பாக்கறேன்."

"பசையா?" என்றேன்.

"பதினோரு வருஷமா அதாண்ணா எனக்கு வேலை. மோட்டாருக்குள்ள ஒட்டற லைனு."

"இது சூடாகும் தங்கச்சி."

"எவ்ளோ?"

"கை வெக்க முடியாது. தண்ணி கொதிக்கிற அளவுக்கு வரும்."

"எங்க மோட்டாரும் அப்படித்தான். சூடு தாங்குற பசை தனியா இருக்கு." தாஸைப் பார்த்தார். "எந்திரி. ஒக்காந்தா சம்ப் வராது. நான் எழுதித் தர்றதைக் கடையில காட்டி வாங்கினு வா. வேற எதையாவது குடுத்தா வாங்காத."

தாஸ் ஓடினான்.

"வெள்ளைத் துணி குடுங்க" என்றார் என்னிடம்.

பட்டறையில் வெள்ளைத் துணிக்கு எங்கே போவது? எங்களிடம் துணி என்று இருப்பதெல்லாம் கறுப்பு. பாய் கைக்குட்டையைக் கொடுத்தார். தங்கச்சி அதைப் பெட்ரோலில் நனைத்து விரிசல் ஓரம் துடைத்தார். கைக்குட்டை கறுத்தது. பெட்ரோல் உலர்ந்ததும் சம்பை லேசாகச் சூடு காட்டச் சொன்னார். இந்த முறை நெருப்பு படாமல் தூரத்திலிருந்து காட்டினேன். உள்ளிருந்து எண்ணெய் கசிந்தது. துடைத்தார். கறுத்தது. மறுபடி சூடு, மறுபடி துடைப்பு.

தாஸ் பசையோடு திரும்பினான். "சட்டையக் கழட்டு" என்றார் மனைவி.

"எதுக்கு?"

"பனியன் வெள்ளையா இருக்கில்ல."

அவன் பனியனும் போனது. தாஸ் வெறும் உடம்பில் சட்டையை மாட்டிக்கொண்டு, "எஃப்.சி. எனக்கா வண்டிக்கா?" என்றான். அன்று அவன் முதல் தடவையாகச் சிரித்தது அப்போதுதான்.

கடைசித் துண்டு துணி துடைத்த பிறகும் வெள்ளையாகவே இருந்தது. "இப்போதான் இது அலுமினியம். இதுவரைக்கும் எண்ணெய்" என்றார் அவர். பிறகு சொன்னார்: "எல்லாரும் பசையைத்தான் குறை சொல்வாங்க அண்ணா. அழுக்கு மேல ஒட்டினா பசை என்ன பண்ணும்? அழுக்கை நல்லா பிடிச்சுக்கும்."

நான் ஒன்று சொன்னேன். விரிசலின் இரண்டு முனையிலும் சின்ன ஓட்டை போட வேண்டும், அப்போதுதான் அது மேலே ஓடாது. அது அவருக்குத் தெரியாது. "அப்படியா?" என்று பக்கத்தில் வந்து பார்த்தார். போட்டேன். உப்புத்தாளால் குறுக்கும் நெடுக்கும் கீறச் சொன்னார். கீறினேன். மேலே வைத்து ஒட்ட ஒரு அலுமினியத் தகடு கேட்டார். ராஜண்ணா ஒரு பழைய நம்பர் பிளேட்டைக் கொண்டுவந்தார். வெட்டித் தட்டிக் கொடுத்தேன்.

இரண்டு ட்யூபிலிருந்தும் சரிசமமாகப் பிதுக்கினார். கோடு கோடாகத் தெரிந்தது ஒரே நிறமாகும்வரை குழைத்தார். அவசரப்படவில்லை. புருஷனுடைய ரூட்டு போகப்போகிறது, ஆனாலும் நிதானமாகப் பூசித் தகட்டை வைத்து அழுத்தினார். நான் கை கட்டிக்கொண்டு நின்று பார்த்தேன். முப்பத்தாறு வருஷத்தில் இன்னொருவர் செய்வதை அவ்வளவு நேரம் நான் நின்று பார்த்ததில்லை.

"காலை வரைக்கும் யாரும் தொடக்கூடாது" என்றார். ராஜண்ணா விரலை நீட்டினார். பாய் அந்த விரலில் ஒன்று போட்டார்.

சனிக்கிழமை காலை ஆறு மணிக்கே எல்லோரும் வந்துவிட்டோம். சம்பை மாட்டினேன். எண்ணெய் ஊற்றி, இன்ஜினை ஓடவிட்டு, நன்றாகச் சூடேற்றினேன். அடியில் செய்தித்தாள் விரித்தோம். சொட்டினால் அதில் தெரியும். ராஜண்ணா குனிந்தவர் நிமிரவே இல்லை.

"பாக்கிறியா, படிக்கிறியா?" என்றார் பாய்.

"ரெண்டும்" என்றார் ராஜண்ணா.

ஒரு மணி நேரம். ஒரு சொட்டு இல்லை.

தாஸ் மனைவியின் டப்பாவைத் திறந்து எல்லோருக்கும் இட்லி கொடுத்தான். பாய் எனக்கு ஊட்டியே விட்டார். நான் அந்தத் தங்கச்சியிடம், "ஒட்டிட்டீங்க" என்றேன். அதற்குமேல் எனக்குப் பேச வராது. அவருக்குப் புரிந்தது.

இதோடு முடிந்திருந்தால் நான் இதை எழுத வேண்டியதில்லை. பசை ஜெயித்தது என்று ஒரு வரி போதும்.

செய்தித்தாளை எடுக்க அடியில் படுத்தேன். எடுத்துக்கொண்டு வெளியே வர வேண்டியதுதான். வரவில்லை.

"என்னாண்ணா, படுத்துத் தூங்கிட்டீங்களா?" என்றான் தாஸ்.

"டார்ச் குடு."

முன்னால் வண்டிக்குக் குறுக்கே ஒரு இரும்புச் சட்டம் ஓடும். கிராஸ் மெம்பர். சக்கரத்தைப் பிடித்திருக்கும் இரும்புக் கை அதில்தான் மாட்டியிருக்கும். இடது பக்கம், கை மாட்டும் இடத்துக்குப் பக்கத்தில், ஒரு கோடு. மேலே சேறு ஒட்டிக் காய்ந்திருந்தது. நேற்று எல்லோருடைய கண்ணும் சம்ப் மேலேயே இருந்தது. என் கண்ணும்தான். சேற்றைச் சுரண்டினேன். கோடு இல்லை, விரிசல். அதே ஹம்ப் செய்த வேலை.

வெளியே வந்து சொன்னேன். மணி ஒன்பது. எஃப்.சி.க்கு பதினொரு மணிக்கு வரச் சொல்லியிருந்தார்கள். ஒரு மணிக்கு மூடிவிடுவார்கள்.

தாஸ் குனிந்து பார்த்தான். "நூலு மாதிரி இருக்கு. இதுக்குப் போயி."

"வெல்டு போடணும். மேல தகடு வெச்சு. மூணு மணி நேரம் ஆகும்."

"மூணு மணி நேரமா!" பசை ட்யூபைக் கையில் எடுத்தான். "பாதி மிச்சம் இருக்குண்ணா. இதையும் ஒட்டிடலாம். சம்பே தாங்கிடுச்சு."

"மேல கருப்பு அடிச்சுட்டா முடிஞ்சுது குரு" என்றார் ராஜண்ணா. "பத்து நிமிஷம். எந்த ஆபீசர் வந்து படுத்துப் பாத்தாலும் தெரியாது."

"அங்க பசை கூடாது" என்றேன்.

தாஸ் என் முன்னால் வந்து நின்றான்.

"நேத்து நீங்க கை வெச்சுத்தானேண்ணா ஒரு விரல் ஒரு சாணாச்சு? இன்னிக்கும் அதே வாயி, அதே ராடு. இதுவும் ஒடஞ்சா நான் எங்க போறது?"

அவன் சொன்னதில் தப்பில்லை. நேற்று நான் சம்பை மட்டும் உடைக்கவில்லை. இன்று சொல்ல வேண்டிய சொல்லையும் உடைத்து வைத்திருந்தேன். ஒருவன் ஒரு நாள் வீம்புக்கு வேலை செய்தால், மறுநாள் அவன் நியாயம் சொன்னாலும் வீம்பு மாதிரியே கேட்கும்.

பாய் என்னைப் பார்த்தார்.

தாஸின் மனைவி ஒரு அட்டையைப் போட்டு, துப்பட்டாவை இடுப்பில் சுற்றிக்கொண்டு, வேனுக்கு அடியில் படுத்தார். டார்ச்சை வாங்கிக்கொண்டார். உள்ளிருந்து குரல் வந்தது.

"அண்ணா, இது எதைத் தாங்குது?"

"சக்கரத்தை."

"சும்மா நிக்குமா, ஆடுமா?"

"ஒவ்வொரு குழிக்கும் ஆடும். பிரேக் போட்டா இழுக்கும்."

வெளியே வந்தார். தாஸ் கையிலிருந்த ட்யூபை வாங்கி மூடியைத் திருகினார்.

"இதுல ஒட்டாது."

"நேத்து ஒட்டிச்சே!"

"நேத்து அது எண்ணெயைத்தான் தாங்கணும். தகடு வெக்க அகலமா இடம் இருந்துச்சு. எங்க லைன்லயும் பெரிய பாரத்துக்குப் பசை போடுவாங்க. ஆனா அதுக்குன்னே இடம் விட்டு அந்தச் சாமானைச் செஞ்சிருப்பாங்க. இது நூலு. நாளெல்லாம் முறுக்கிக்கினே இருக்கும். ஒரு வாரம் பிடிக்கும், அப்புறம் உரியும். மேல பெயிண்ட் வேற இருந்தா உரியறதும் தெரியாது."

தாஸ் கேட்கிற நிலையில் இல்லை. "ஒரு வாரம் போதும். எஃப்.சி. வாங்கிக்கினு அப்புறம் வெல்டு பண்ணிக்கலாம்."

நான் அப்போது ஒன்று சொன்னேன். யோசித்துச் சொல்லவில்லை, வந்தது.

"சரி. பசை பூசு. பெயிண்ட் அடி. எஃப்.சி. வாங்கு. திங்கக்கிழமை பிள்ளைங்களை ஏத்து. ஆனா நான் ஏறமாட்டேன்."

வழக்கம் எல்லோருக்கும் தெரியும். கை வைத்தவன் ஏற வேண்டும். முப்பத்தாறு வருஷத்தில் நான் ஏறமாட்டேன் என்று சொன்னதே இல்லை. பிரேக் சந்தேகம் என்று தெரிந்த வண்டியில்கூட ஏறி, அல்சூர் மார்க்கெட் வாசலில் ஒரு தக்காளி வண்டிக்குள் போய் நின்றிருக்கிறேன்.

"அப்போ பூசறது நானு. நானும் ஏறமாட்டேன்" என்றார் தாஸின் மனைவி.

ராஜண்ணா பெயிண்ட் டப்பாவை மெதுவாக அலமாரியில் வைத்தார். "நான் எப்பவுமே ஏறமாட்டேன். இப்போ அடிக்கவும் மாட்டேன்" என்றார்.

தாஸ் மூன்று பேரையும் மாறி மாறிப் பார்த்தான். பிறகு வேனின் பக்கவாட்டில் இருந்த சின்னப் படியைப் பார்த்தான். பிள்ளைகள் கால் வைத்து ஏறுவதற்காக அவனே அடித்துப் பொருத்திய படி. நானே அதற்கு வெல்டு போட்டுக் கொடுத்திருந்தேன்.

"ரெண்டு மணி நேரத்துல முடியுமாண்ணா?" என்றான்.

"மூணு."

"சரி" என்றான்.

வேலையை எழுதவில்லை. உங்களுக்குத் தெரியும். இரண்டு விஷயம் மட்டும் சொல்கிறேன். அந்தத் தங்கச்சியிடம் கேட்டு ஒரு வெள்ளைத் துணி வாங்கி, அது வெள்ளையாகவே திரும்பி வரும்வரை இரும்பைத் துடைத்தேன். அதுவரை நான் வெல்டுக்கு முன்னால் அப்படித் துடைத்ததில்லை. அதன் பிறகு துடைக்காமல் இருந்ததில்லை. இரண்டாவது, தாஸ் ஐந்து நிமிஷத்துக்கு ஒரு தரம் மணி சொல்லிக்கொண்டே இருந்தான். பாய் அவனுடைய ஃபோனைப் பிடுங்கித் தான் உட்கார்ந்திருந்த சீட்டுக்கு அடியில் வைத்துக்கொண்டார். அவசரம் வண்டிக்காரனுக்கு இருக்கலாம். கையில் ராடு பிடித்தவனுக்கு இருக்கக்கூடாது.

முடிந்தபோது பன்னிரண்டு. ராஜண்ணா பிரஷ்ஷோடு வந்தார். "இப்போவாவது அடிக்கட்டா? நல்லா இருக்கும்."

"எஃப்.சி. முடியட்டும். அவங்க பாக்கணும்" என்றேன்.

"பாத்தா கேள்வி கேப்பாங்க குரு."

"கேக்கட்டும்."

கை வைத்தவர்கள் ஏறினோம். தாஸ் ஓட்டினான். நான் முன்னால், அந்தத் தங்கச்சி பின்னால். அவர் கையில் செய்தித்தாள். ஒவ்வொரு சிக்னலிலும் இறங்கி அடியில் பார்க்கவா என்று கேட்டார். வேண்டாம் என்றேன்.

பன்னிரண்டே முக்காலுக்குப் போய்ச் சேர்ந்தோம். எங்களுக்குப் பின்னால் கேட்டை மூடிவிட்டார்கள். அதிகாரி சின்ன வயசுக்காரர். படுத்துப் பார்த்தார். எழுந்து, பளபளவென்று இருந்த வெல்டைக் காட்டி, "இது யாரு மாடிது?" என்றார் கன்னடத்தில், யார் செய்தது என்று.

கையைத் தூக்கினேன்.

"ஸ்கூல் வண்டி இது. கொத்தா?" தெரியுமா என்கிறார்.

"கொத்து சார்."

"நீவு கூத்கொள்தீரா இதரல்லி?" நீங்கள் உட்காருவீர்களா இதில் என்று கேட்டார்.

ஊரில் யாரும் யாரிடமும் கேட்காத கேள்வி. எங்கள் பட்டறைக்கு அது பழைய கேள்வி.

"திங்கக்கிழமை ஃபர்ஸ்ட் ட்ரிப் சார். பிள்ளைங்களோட நானும்" என்றேன். பாதி தமிழ், பாதி கன்னடம். அவருக்குப் புரிந்தது. சுத்தியலால் வெல்டைச் சுற்றித் தட்டிப் பார்த்தார். எங்கும் ஒரே மாதிரிச் சத்தம். பிறகு ஓட்டிப் பார்த்தார். கையெழுத்துப் போட்டார்.

தாஸ் பேப்பரை வாங்கியதும் மனைவியிடம் கொடுத்தான். அவர் அதைச் செய்தித்தாளுக்குள் மடித்து வைத்துக்கொண்டார்.

அந்தச் சம்ப் இன்னும் அந்த வேனில்தான் இருக்கிறது. சொட்டவில்லை. அடியில் படுத்துப் பார்த்தால் நம்பர் பிளேட்டின் ஒரு நாலு தெரியும். கிராஸ் மெம்பருக்கு மட்டும் கொஞ்ச நாளில் புதுசு வரவழைத்து மாற்றிவிட்டோம். நான்தான் மாற்றச் சொன்னேன். என் வெல்டு உடையவில்லை. ஆனாலும் பிள்ளைகள் போகும் வண்டியில் புதுசு கிடைத்தால் புதுசுதான்.

ஆகவே தம்பிகளே, தங்கச்சி, பசையா வெல்டா என்று சண்டை போடாதீர்கள். அந்தப் பொம்மனஹள்ளித் தங்கச்சி கேட்ட கேள்வியைக் கேளுங்கள். இது எதைத் தாங்குது? எண்ணெய், தண்ணி என்றால் பசை போதும், சுத்தமாகச் செய்தால். ஆளைத் தாங்குகிறது என்றால் ட்யூபை மூடுங்கள். அலுமினியத்துக்கு வெல்டு போடத் தெரியாது என்றால் தெரிந்தவனைக் கூப்பிடுங்கள். எல்லாம் செய்த பிறகு, நான் ஏறுவேனா என்று கேளுங்கள். ஏறமாட்டேன் என்றால் வண்டியை அனுப்பாதீர்கள்.

திங்கட்கிழமையைச் சொல்லவில்லையே.

காலை ஏழு மணிக்குக் குளித்து, தேய்த்த சட்டை போட்டுக்கொண்டு போனேன். முன்சீட்டு. அந்த வேனில் முன்சீட்டுக்கு நேர் கீழேதான் சக்கரம். நான் இடது பக்கம், வெல்டுக்கு மேலேயே.

மர்பி டவுனில் ஆறு பிள்ளைகள் ஏறினார்கள். அல்சூரில் ஐந்து. வழியில் மூன்று. வேனுக்கு ஒரு லீடர் உண்டு என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. நாலாவது படிக்கும் பெண். கையில் மர ஸ்கேல். கடைசி ஸ்டாப்பில் எல்லோரும் ஏறியதும் ஒவ்வொரு தலையையும் ஸ்கேலால் தொட்டு எண்ணுவாள். அவள் எண்ணி முடிக்காமல் தாஸ் கியர் போடமாட்டான்.

ஒரு பொடியன் என் சட்டையை இழுத்தான். "அங்கிள், நீங்க எந்தக் கிளாஸ்?"

"அஞ்சாங் கிளாஸ்" என்றேன். நிஜம். அதோடு நின்றவன்தான்.

லீடர் எண்ணிக்கொண்டே வந்தாள். என் தலைக்கு மேல் ஸ்கேல் நின்றது. "தாஸ் அங்கிள், இவரையும் எண்ணணுமா?"

"அவரை விடும்மா. அவர் வெல்டர். நம்ம கணக்கு பதினாலு."

"வண்டில இருக்காரில்ல?" என்றாள்.

"இருக்காரு. ஆனா கணக்குல இல்ல."

அவளுக்கு அது பிடிக்கவில்லை. ஸ்கேலை மடியில் வைத்துக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டு வந்தாள்.

அந்த ஹம்ப் வந்தது. இப்போது வெள்ளைக் கோடு போட்டிருந்தார்கள். தாஸ் வேகத்தைக் குறைத்தான். நான் செருப்பைக் கழற்றிவிட்டு வெறும் காலைத் தரையில் வைத்தேன். விரிசல் இருந்தால் காதுக்கு முன்னால் காலுக்குத் தெரியும். முன்சக்கரம் ஏறியது. இறங்கியது. பின்சக்கரம். பிள்ளைகள் பழக்கத்தில் ஓ என்று கத்தினார்கள்.

காலுக்கு ஒன்றும் தெரியவில்லை.

ரிச்சர்ட்ஸ் டவுனுக்குள் திரும்பி ஸ்கூல் கேட்டில் நின்றோம். வண்டிகளைப் பார்த்துக்கொள்கிறவர் வந்து கையை நீட்டினார். தாஸ் பேப்பரைக் கொடுத்தான். அவர் படித்தார். திருப்பிக் கொடுத்தார். சரி, எறக்கு என்றார்.

லீடர் முதலில் குதித்துப் படியருகே நின்றுகொண்டாள். பிள்ளைகள் ஒவ்வொருவராக இறங்க, பையில் ஸ்கேலால் தட்டி எண்ணினாள். கடைசிப் பிள்ளை இறங்கியது. நான் செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு சீட்டிலேயே இருந்தேன். திரும்பப் பட்டறைக்குப் போக வேண்டியவன்தானே.

அவள் முன்கதவுக்கு வந்தாள். கதவைத் திறந்தாள்.

"எறங்குங்க" என்றாள்.

தாஸ் என்னைப் பார்த்தான். நான் இறங்கினேன். ஸ்கேல் என் தோளைத் தொட்டது.

பதினைந்து.